காய்ந்துவிட்டதாக நான் சொன்ன பசை

என் மகளுக்கு ஆறு வயதான ஆண்டில், அவள் வேறொரு பெண்ணின் சைக்கிளில் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டாள். இதை ஒரு துயரமென்று எவரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எழுதும்போது அந்தச் சிரிப்பு என் காதில் விழாது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

பினாங்குத் தீவில், டத்தோ கிராமட் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடியில் நாங்கள் குடியிருந்தோம். வீட்டிலிருந்த ஒரே காரை என் கணவர் விடியும் முன்பே எடுத்துக்கொண்டு, கடல்பாலத்தைக் கடந்து பெருநிலத்திலுள்ள சிம்பாங் அம்பாட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார். நான் வீட்டிலிருந்தபடி பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து வந்தேன். மகளின் பாலர் பள்ளி இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்ட எனக்குத் துணிவில்லை. ஆகவே மிதிவண்டி. முன்னால் மாட்டிய பிரம்பு நாற்காலியில் இரண்டரை வயது மகன், பின்னால் கேரியரில் திருகிய இருக்கையில் மகள், நடுவில் நான் என்று எங்கள் காலை தொடங்கும்.

தனியாகப் போகிறவருக்குப் பஞ்சர் ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துவிடலாம். இரண்டு குழந்தைகளோடு போகிறவளுக்கு அப்படியில்லை. தூங்கி வழியும் ஒருவனை முதலில் இறக்க வேண்டும். இறக்கியவன் சாலைப்பக்கம் ஓடாமல் பார்க்க வேண்டும். மற்றவளின் பையும் தண்ணீர்ப் புட்டியும் நனையாத இடம் தேட வேண்டும். வண்டி சாய்ந்து யார் காலிலும் விழக் கூடாது. சில பஞ்சர்களுக்குப் பிறகு இதற்கு ஒரு முறையை நான் வகுத்துக்கொண்டேன். கடைவீடுகளின் முன்னால் நிழலாக ஓடும் ஐந்தடி நடைபாதையில் வண்டியைத் தலைகீழாக நிறுத்துவேன். துப்பட்டாவின் ஒரு முனையை மகனின் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் முடிந்துகொள்வேன். அவன் கையில் ஒரு பிஸ்கட். மகளின் கையில் காற்றுத்துளையின் சின்னஞ்சிறு மூடி. அதை இறுக மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, நான் கேட்கும்வரை விரல் பிரிக்காமல் நிற்பது அவள் வேலை.

பஞ்சர் ஒட்டுவதை நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு கையேட்டில் படித்துக் கற்றேன். எதையும் படித்துக் கற்பதே என் வழக்கம். டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து, கன்னத்தருகே பிடித்து, ஓட்டையின் மூச்சைத் தேட வேண்டும். உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். பசையைத் தடவி, அதன் பளபளப்பு மங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டினால் ஒட்டு நிற்காது. அந்தக் காத்திருப்புக்கு என் மகள் முந்நூறுவரை எண்ணுவாள். எழுபதுகளில் ஒருமுறையும் நூற்று நாற்பதுகளில் ஒருமுறையும் தவறுவாள். நான் திருத்த மாட்டேன். பிழை திருத்துவதே தொழிலாகக் கொண்டவள் நாள் முழுவதும் திருத்தாமல் விட்டவை அந்த இரண்டு எண்கள்தான். தலைகீழான சைக்கிளின் அருகில், பெட்ரோல் புகையும் யாரோ வதக்கும் மிளகாய்ச் சம்பலின் வாசமும் கலந்த காற்றில், அவள் எண்ணுவதைக் கேட்டபடி நான் குந்தியிருந்த நேரங்கள் எனக்கு இனிமையானவை. பள்ளிக்குப் பிந்திப் போவதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது.

பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் தேர் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படும்போது, அது வரும் சாலையெல்லாம் தேங்காய் உடையும். மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குவித்து, தேர் நெருங்குகையில் வீசி உடைப்பார்கள். நகராண்மைக் கழகத்தார் பின்னாலேயே மண்வாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அவ்வாண்டு நாங்களும் உடைத்தோம். மகனுக்கு வந்த கடும் காய்ச்சல் இறங்கியதற்கு நேர்ந்துகொண்ட ஐம்பத்தொரு காய்கள். என் மகள் நான்கு காய்களைத் தானே வீசினாள். அவற்றில் மூன்று உருண்டுபோயின, ஒன்று உடைந்தது. எவ்வளவு அள்ளினாலும் ஓட்டின் சிறு சிதறல்கள் சாலையின் விளிம்பில் தங்கிவிடும். கார்கள் போகாத அந்த விளிம்பில்தான் சைக்கிள்கள் போகும். திருவிழா முடிந்த மூன்றாம் நாள் என் பின்சக்கரம் இறங்கியது. ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் இறங்கியது. அதையும் ஒட்டினேன். மூன்றாவது முறை இறங்கியபோதுதான் அந்தப் பெண் வந்து நின்றாள்.

அவள் எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவளுடைய மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் அவளுக்கு இரவு வேலை. காலையில் தொழிற்சாலைப் பேருந்து அவளைச் சாலை முனையில் இறக்கிவிடும் நேரத்தில், அவள் கணவர் புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குக் கிளம்ப மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருப்பார். இருவரும் மகனைக் கைமாற்றிக்கொள்வார்கள். இரவு முழுவதும் தூங்காத அவள், நீண்ட கேரியரில் இரண்டு மெத்தை வைத்த தன் சைக்கிளில் மகனை ஏற்றிப் பள்ளியில் விட்ட பிறகுதான் போய்ப் படுப்பாள். இவ்வளவையும் அறிந்திருந்தும் அவளிடம் நான் பொறாமைப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"அலமாக்! மறுபடியும் பஞ்சிட்டாக்கா?" என்றாள், வண்டியிலிருந்து ஒரு காலை ஊன்றி.

மறுபடியும் பஞ்சரா என்று கேட்டால், முந்தைய இரண்டையும் பார்த்திருக்கிறாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

"ஒட்டிடுவேன்," என்றேன்.

"நீங்க ஒட்டுவீங்க. பெல் அடிச்சிரும்லா." இறங்கி வந்து குந்தினாள். டயரின் விளிம்பை நெம்புவதற்கு நான் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளோடு போராடுவது வழக்கம். அவள் கட்டைவிரல்களால் அழுத்தி ஒரே இழுப்பில் உரித்துவிட்டாள், வாழைப்பழத்தைப் போல. என் மகள் அருகே வந்து நின்றாள்.

"மூடி யாருகிட்ட இருக்கு?"

மகள் கையைத் திறந்து காட்டினாள். நான் கேட்கும்வரை திறக்கக் கூடாத கை அது.

"ஓ, நீதான் ஃபோர்மேனா? இவ்ளோ நாளு எங்க கம்பனில ஒரு ஃபோர்மேன் கொறையுதேன்னு தேடிட்டு இருந்தேன்."

என் மகள் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. அத்தனை பஞ்சர்களிலும் அவள் எனக்காக மூடியைப் பொறுப்பாக வைத்திருந்தாள். நான் அதற்கு ஒரு பெயர் சூட்ட வேண்டுமென்று நினைத்ததே இல்லை.

"டயருக்கு உள்ள தடவிப் பாத்தீங்களாக்கா? ஏதாச்சும் குத்திட்டு நிக்கும்."

நான் தடவிப் பார்த்திருக்கவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தேன். கையேட்டில் அது இருந்திருக்க வேண்டும். நான் டியூபைப் பற்றிய பக்கங்களைத்தான் கவனமாகப் படித்திருந்தேன். ஆனால் என் மகள் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன்," என்றேன்.

"அப்ப சரி. நீங்க ஒட்டிட்டு மெதுவா வாங்க. பாப்பாவ நான் ஏத்திட்டுப் போறேன்."

மகள் என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அதற்குள் இரண்டாவது மெத்தையில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் மகனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். சற்றுத் தள்ளியிருந்த ஆற்றுப்பாலத்தின் ஏற்றத்தில் அந்தப் பெண் எழுந்து நின்று மிதிப்பதையும், குழந்தைகள் இருவரும் கூவுவதையும், துப்பட்டாவால் மகனோடு கட்டப்பட்ட நிலையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பசை மங்குவதற்கு எண்ண ஆளில்லை.

அன்று மாலை முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. ஆன்ட்டி மேட்டில் நின்றுகொண்டே மிதிப்பார். ஆன்ட்டிக்குச் சீட்டி அடிக்கத் தெரியும். ஆன்ட்டி ஒரு கிரேனையே சரி செய்திருக்கிறார். மறுநாள் காலை, தன் தலைமுடியை ஆன்ட்டியைப் போல உச்சியில் தூக்கிக் கட்டச் சொன்னாள். கட்டினேன். நன்றாகவே கட்டினேன்.

"நாளைலேர்ந்து நான் ஆன்ட்டியோட போகட்டுமா? உங்க சைக்கிள்தான் எப்பவும் பஞ்சிட் ஆகுதே."

நான் அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லவில்லை, மகளே சொல்லியிருந்தாள். பள்ளி வாசலில் அவள் என்னிடம், "எடம் சும்மாதானக்கா இருக்கு. ஒரே வழி. உங்களுக்கும் ஈசிலா," என்றாள். அவளுடைய பெருந்தன்மையில் ஒரு குறையைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காதது என்னை இன்னும் புண்படுத்தியது.

அன்று இரவு உணவின்போது மகளிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். நம் சைக்கிள் இன்னும் ஒரேயொரு முறை பஞ்சர் ஆனால், அவள் ஆன்ட்டியோடு போகலாம். ஆகாவிட்டால் என்னோடுதான் வர வேண்டும். நியாயமாகப் பேசிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அதன் விலை மறுநாள் காலை புரிந்தது. கீழே இறங்கியதும் என் மகள் பையைத் தரையில் போட்டுவிட்டு, சக்கரத்தின் அருகே குனிந்து, இரண்டு கட்டைவிரல்களாலும் டயரை அமுக்கிப் பார்த்தாள். கல்லாக இருந்தது. அவள் முகம் வாடியது.

தினமும் அமுக்கினாள். தன் தாயின் சக்கரம் இறங்கிப்போயிருக்க வேண்டுமென்று ஒரு குழந்தை ஒவ்வொரு காலையும் நம்பிக்கையோடு குனிவதைப் பார்த்தபடி, நான் மகனைப் பிரம்பு நாற்காலியில் கட்டிக்கொண்டிருப்பேன்.

நான்காம் நாள் அவள் எழுவதற்கு முன்பே துணி காயப்போடக் கீழே போனேன். பின்சக்கரம் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். அதை யாரும் இன்னும் பார்க்கவில்லை. துணிக்கூடையை அப்படியே வைத்துவிட்டு, படிக்கட்டின் அடியில் சைக்கிளைக் கவிழ்த்து, டயரைக் கழற்றி, அந்தப் பெண் சொன்னபடி உள்ளே விரலை ஓட்டினேன். பாதிச் சுற்றில் சுருக்கென்றது. விரல் நுனியில் ரத்தம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ரப்பருக்குள் புதைந்து, அரிசி மணியளவு கூர்முனையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு தேங்காய் ஓட்டுச் சில்லு. ஒவ்வொரு முறையும் நான் டியூபுக்கு ஒட்டுப்போட்டு, குத்தியதன் மேலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அது நாங்கள் உடைத்த தேங்காயாகவே இருக்கலாம்.

சில்லைப் பிடுங்கி வடிகாலில் எறிந்தேன். ஒட்டினேன். முந்நூறை நானே எண்ணினேன். மகள் இறங்கி வந்து கட்டைவிரல்களால் அமுக்கியபோது டயர் கல்லாக இருந்தது.

"இன்னும் ஆகலையா?" என்றாள்.

"இல்லையே," என்றேன்.

அதன் பிறகு மூன்று வாரம் அந்தச் சக்கரம் காற்றுக் குறையாமல் ஓடியது. ஒருநாள் பழைய பசைக்குழாய் தீர்ந்துவிட்டதால் சைக்கிள் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். மகள்தான் அதை என் தோள்பையின் சிறிய அறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மறுநாள் காலை ஆற்றுப்பாலத்துக்குச் சற்று முன்னால், பூட்டியிருந்த ஒரு கடையின் ஐந்தடியில் அந்தப் பெண்ணைக் கண்டோம். சைக்கிள் கவிழ்ந்திருந்தது. அவள் மகன் தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டான். அவள் தொழிற்சாலைச் சீருடையிலேயே இருந்தாள். கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது.

அவளுக்கும் பஞ்சர் ஆகிவிட்டது. அந்த நொடியில் எனக்குள் எழுந்ததை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். அதைவிட மென்மையான சொல்லைத் தேடிப் பார்த்தேன், அது பொய்யாகிவிடும்.

"அக்கா! நல்ல வேள வந்தீங்க. கம் இருக்கா?" தன் பசைக்குழாயைப் பிதுக்கிக் காட்டினாள். அதன் வாயில் மஞ்சளாக ஒரு கட்டி மட்டும் நின்றது. இந்த ஊர் வெயிலுக்கு ஒருமுறை திறந்த பசை அப்படித்தான் இறுகிவிடும். "எல்லாம் கட்டியாயிருச்சு. பாருங்க, சூயிங்கம் மாரி."

என் பைக்குள் முந்தைய நாள் வாங்கிய குழாய் இருந்தது. முத்திரைகூட உடைக்காதது.

"என்னோடதும் காஞ்சு போச்சும்மா," என்றேன்.

சொல்லிவிட்டு என் குரலைக் கேட்டேன். வருத்தம்கூட அதில் சரியான அளவில் கலந்திருந்தது.

"பரவால்லக்கா. நீங்க போங்க, பிள்ளைக்கு லேட்டாயிரும். நாங்க தள்ளிட்டு வந்துர்றோம்," என்று சொல்லி, மகனைப் பார்த்து, "டேய், இன்னிக்கி நீ என்னத் தூக்கிட்டுப் போ," என்றாள். அவன் முடியாது என்றான்.

நான் மிதித்தேன். பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நிற்காமல், என் வழக்கப்படி உட்கார்ந்தே மிதித்து ஏறினேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. என் மகள் பேசாமல் வரும் குழந்தையல்ல. அடுத்த சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்தது.

"அம்மா."

"ம்."

"கம் காயலையே. நான்தான பைல வெச்சேன். புதுசு."

முன்னால் ஒரு லாரி நின்றது. நான் அதன் எண் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறந்துட்டீங்களா?" என்றாள். அவள் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டாள். ஆறு வயதில், தாயைக் காப்பாற்றுவதற்காக. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நம்ப விரும்பினாள். அவளுடைய பிரியத்தை இத்தனை நாளாக நான் அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கப் பார்த்தேன். இந்த ஒரு சொல்லை நான் சொன்னால் எஞ்சியதையும் நானே கெடுத்துக்கொள்வேன் என்று தோன்றியது.

"மறக்கல. பொய் சொன்னேன்."

"ஏன்?"

"நீ ஆன்ட்டிய என்னவிட ஜாஸ்தி விரும்புறியோன்னு இருந்துச்சு."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த கார் ஒலியெழுப்பியது.

"அதுக்கு ஏன் கம் குடுக்கல?" என்றாள்.

வண்டியை ஓரமாக இறக்கி, நடைபாதையில் ஏற்றி, திருப்பித் தள்ளிக்கொண்டு நடந்தேன். மகன் முன்னால் உட்கார்ந்தபடி, "வீட்டுக்கா? வீட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

அவர்கள் பாலத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. கடைப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள், கண்கள் மூடியிருந்தன. மகன் அவள் மடியில் தலை வைத்திருந்தான்.

"என்னக்கா, திரும்பிட்டீங்க?"

பசையை நீட்டினேன். அவள் வாங்கி, திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். வாயை அடைத்திருந்த மெல்லிய தகடு அப்படியே இருந்தது. அதை நகத்தால் தட்டினாள்.

"இதுதான் காஞ்சு போன கம்மா?"

"இல்ல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்லா," என்றாள் அமைதியாக. "நீங்க காஞ்சு போச்சுன்னு சொன்னப்ப உங்க மக மூஞ்சியப் பாத்தேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது."

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடங்கிய பிறகு பாதியில் விட மனம் வரவில்லை. "அன்னிக்கி டயர உள்ள தடவிப் பாத்தேன்னு சொன்னதும் பொய்தான்," என்றேன்.

அவள் இப்போது சிரித்துவிட்டாள். "அதுவும் தெரியும். பாத்திருந்தா வெரல் கிழிஞ்சிருக்கும். உங்க வெரல் நல்லா இருந்துச்சே. என்னா இருந்துச்சு, தேங்கா ஓடா?"

"ஆமா."

"அதானே. சாமிக்கு ஒடச்சீங்க, டயருக்கும் கொஞ்சம் பங்கு வெச்சிட்டீங்க." பிறகு பசையை என்னிடமே திருப்பித் தந்தாள். "நீங்களே ஒட்டுங்கக்கா. எனக்குக் கண்ணு சொருகுது. நான் ஒட்டுனா அவசரத்துல ஈரத்தோட அமுக்கிருவேன். இது மூணாவது ஒட்டு, அதே எடத்துல."

ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இரக்கமா, களைப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவளுடைய டயருக்குள் விரலை ஓட்டி, ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பழைய ஒட்டைப் பிய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவினேன். என் மகள் எண்ணத் தொடங்கினாள். ஆனால் என் அருகில் நின்று அல்ல. படியில், அந்தப் பெண்ணின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து. எழுபதுகளில் தவறினாள்.

"எழுவத்தாறுக்கு அப்றம் எழுவத்தொம்போதா? நடுவுல ரெண்டு எங்க போச்சு?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. மகள் சிரித்துவிட்டு மறுபடியும் எழுபதிலிருந்து சரியாக எண்ணினாள். நான் டியூபைப் பிடித்தபடி தலையைத் தூக்காமல் இருந்தேன்.

சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, நிமிர்ந்தபோது மகள் என் முன்னால் நின்றாள்.

"அம்மா, நான் ஆன்ட்டியோட போகட்டுமா?"

நிபந்தனைப்படி பார்த்தால் என் சைக்கிள் பஞ்சர் ஆகவில்லை. அவள் அறிந்தவரை. நான் அறிந்ததை, படிக்கட்டின் அடியில் நடந்ததை, அவளிடமும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"நம்ம சைக்கிள் நடுவுல ஒருதடவை பஞ்சர் ஆச்சு. நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒட்டிட்டேன்," என்றேன். "நீதான் ஜெயிச்ச. போ."

அவள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவளுக்கு அதற்கு நேரமில்லை. மெத்தையில் ஏறிவிட்டாள்.

பாலத்தின் ஏற்றத்தில் அந்தப் பெண் எழுந்து நின்று மிதித்தாள். தூக்கமில்லாத உடம்பில் அந்த வலு எங்கிருந்து வந்ததோ. குழந்தைகள் கூவினார்கள். என் மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் உட்கார ஆளில்லாத சைக்கிள் எனக்கு மிகவும் இலேசாக இருந்தது. அந்த இலேசு பிடிக்கவில்லை. மகன் கையை நீட்டி, "அக்கா போயிட்டா," என்றான். போய்விட்டாள் என்றேன்.

பொறாமை அன்றோடு தீர்ந்தது என்று எழுத விருப்பம்தான். அதன் பிறகு என் மகள் வாரத்தில் இரண்டு நாள் அவளோடும் மூன்று நாள் என்னோடும் போனாள். எந்த இரண்டு நாள் என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள்: செவ்வாயும் வியாழனும். அந்த நாட்களில் நான் அவர்களுக்குச் சற்றுப் பின்னால், பேச்சுச் சத்தம் கேட்கும் தொலைவில், ஆனால் சொற்கள் புரியாத தொலைவில் மிதித்துக்கொண்டு போவேன். இரண்டைவிட மூன்று பெரியது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.